தாண்டிப் போகத் தெரியாதவள்

அவளை யாராவது "தங்கமான மனுஷி" என்று சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் பொத்துக்கொண்டு வரும். தங்கம்தான், யார் இல்லையென்றார்கள்? அந்தத் தங்கத்தைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நாயாய் அலைந்தவள் நான். இப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தர்கூட ஒருநாள் வந்து அந்தக் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் எங்களோடு உட்கார்ந்ததில்லை.

பெயர் வேண்டாம். எங்கள் அளத்தில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'தான். உப்பளத்தை நாங்கள் அளம் என்போம். அவளும் நானும் ஒரே கங்காணியிடம் வருஷக்கணக்காகச் சுமந்தவர்கள். நான் அவளைவிட இளையவள், வாய் மட்டும் அவளைவிட நீளம். அந்த வாய்க்காகத்தான் சங்கத்தில் என்னைப் பெண்களுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் தட்ட வேண்டும். நிறைந்த கூடையை எவளாலும் தன் தலைக்குத் தானே ஏற்ற முடியாது. இன்னொருத்தி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அதற்காக யாரையும் கூப்பிட மாட்டோம். தலையில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் நின்றால் போதும். அந்த வரப்பில் யார் வருகிறாளோ அவள் குனிந்து கை கொடுக்க வேண்டும். நேற்று சாயந்திரம் முடியைப் பிடித்து உருண்டு சண்டை போட்டவளாக இருந்தாலும் கை கொடுக்க வேண்டும். கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. தாண்டிப் போனவளை மட்டும் ஒருத்தரும் மதிக்க மாட்டோம்.

எங்களுக்கெல்லாம் அந்த வழக்கம் அளத்தின் வாசலோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போகிற வழியில் எவள் நின்றால் எனக்கென்ன? கால் எரிச்சலோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருக்கும். அக்காவுக்கு மட்டும் ஊரே அளம்தான். விறகுக்கட்டோடு நிற்கிறவள், புல்லுக்கட்டோடு நிற்கிறவள், அரிசிச் சிப்பத்தோடு கடை வாசலில் நிற்கிறவள், யாராக இருந்தாலும் இவள் கை தானாகப் போகும். பேசிக்கொண்டே வருவாள், திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இருக்காது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எவளுக்கோ தூக்கிவிட்டுக்கொண்டிருப்பாள்.

என் தம்பி கல்யாணம் ஓட்டப்பிடாரத்தில் நடந்தது. அக்கா தன்னிடம் இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஒரு மீன்காரம்மா அலுமினியச் சட்டி நிறைய மீனோடு நின்றாள். நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். பிடித்த பிடியில் என் கையில் வளையல்தான் உடைந்தது. சட்டியைத் தூக்கிவிட்டாள், மீன் தண்ணீர் முழுக்க அவள் தோளில் இறங்கிப் பட்டில் ஊறியது. மண்டபத்தில் பெண் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "எவளா அது, சாளையக் கட்டிக்கிட்டுப் பந்திக்கு வந்தது?" என்று ஒரு கிழவி கேட்டே விட்டாள். அக்கா சிரித்துக்கொண்டு, "நான்தான் பெரியம்ம, ஓரமா இருந்துக்கிடுதேன்" என்றாள். எனக்குத்தான் தலை குனிந்தது.

குலசேகரன்பட்டினத்துத் தசராவில் இதைவிடக் கூத்து. கடற்கரைக் கூட்டத்தில் காளி வேஷம் போட்டிருந்த ஒருவர், தகரமும் மணியுமாக இருந்த பெரிய கிரீடத்தை மணலில் இறக்கி வைத்துவிட்டு நின்றார். அக்கா நேரே போய்க் கிரீடத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்துவிட்டாள். பாவம் மனுஷன், ஒரு சோடா குடிக்கத்தான் இறக்கி வைத்திருக்கிறார். "எம்மா, இப்பந்தாம்மா எறக்குனேன்!" என்று அவர் கத்தினார். அன்றைக்கு நான் சிரித்து வயிறு வலித்து மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் அவள் விழுவதற்கு முந்தியது.

அளத்துக்குள் தண்ணீர் வருகிற வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை கிடக்கும். சீசன் உச்சத்தில் அது எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வேறு பலகை போடச் சொல்லி நானே கங்காணியிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் அக்கா கூடையோடு அதில் வழுக்கினாள். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், வலது கை பலகைக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நாங்கள்தான் இழுத்தோம். "ஒண்ணுமில்ல, எண்ணெயத் தேச்சிக்கிட்டு நாளைக்கு வா" என்றான் கங்காணி. நாளைக்கும் கை எழும்பவில்லை, மறு மாதமும் எழும்பவில்லை. முதலாளியிடம் கேட்கப் போனால், "அவ அளத்துல விழவே இல்ல. வீட்டுக் குளியலறையில விழுந்துட்டு இங்கன வந்து நடிக்கா" என்று பதில் வந்தது. அவள் வீட்டில் குளியலறையே கிடையாது. ஓலைத் தட்டிதான்.

சங்கத்தில் சொல்லி வழக்குப் போட்டோம். வக்கீலம்மா நல்லவர், எங்கள் பேச்சை நின்று கேட்கிறவர். தொழிலாளர் நஷ்டஈடு விசாரிக்கிற ஆணையர் முன்னால் வழக்கு. அது ஆபீஸ்தான் என்றாலும் எங்களுக்கு அது கோர்ட்டு.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் செல்வி. நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். "எம் பிள்ள கால் உப்புல படக் கூடாது" என்று அக்கா சொல்லாத நாள் கிடையாது. செல்வியின் பாதத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பாள், வெடிப்பு இல்லாத பாதம் என்று. வழக்கு ஜெயித்தால் செல்வி படித்து முடிப்பாள். தோற்றால் செல்விதான் சுமக்கப் போக வேண்டும். வீட்டில் வேறு கை கிடையாது. இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செல்விக்கும் தெரியும்.

கையை மருத்துவர்கள் பரிசோதித்து எவ்வளவு பாதிப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையர் உத்தரவு போட்டார். வக்கீலம்மா அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார்: "பொய் சொல்ல வேண்டாம். எங்க வலிக்குதோ அங்க நிறுத்திடுங்க. அவ்வளவுதான்." இது என்ன பெரிய காரியம்? ஆனால் எனக்கு இவளைத் தெரியுமே. பரிசோதனைக்கு முந்தின நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே டாக்டரானேன்.

"கையத் தூக்கும்மா."

தூக்கினாள். தோள் உயரம் வரும்போதே முகம் சுருங்கியது.

"வலிக்கா?"

"வலிக்கு."

"அப்ப நிறுத்து! நிறுத்திட்டு, 'சார் இதுக்கு மேல முடியாது'ன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

"முடியாது சார்" என்றாள். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வார்த்தை அவள் வாய்க்குப் பழக்கமில்லை என்று.

மறுநாள் பெரியாஸ்பத்திரி. துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். முதலாளி பக்கத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நல்ல மரியாதையான மனுஷன். 'வாங்கம்மா' என்றார், நாற்காலியில் உட்காரச் சொன்னார். அங்கேதான் எங்கள் கதை கந்தலாகிவிட்டது. கடுகடுவென்று விழுந்திருந்தால் இவளும் கொஞ்சம் விறைத்திருப்பாள்.

"கையப் பக்கவாட்டுல தூக்குங்கம்மா. முடிஞ்ச வரைக்கும்."

தோள் வரை தூக்கினாள். உதட்டைக் கடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வருமா?"

நான் பின்னால் இருமினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. காது உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"வலிக்குதாம்மா?"

"கொஞ்சந்தான் சார்."

வெளியே வந்ததும் நான் கிழித்துவிட்டேன். "ஏன் யக்கா, உனக்குக் கூறு இருக்கா? நேத்து நான் படிச்சிப் படிச்சிச் சொன்னது எங்க போச்சி?"

"அவிய நம்ம கிட்ட ஒண்ணு கேட்டுட்டு நிக்காவளா... முடியாதுன்னு எப்படிளா சொல்லுவேன்?"

"அவரு என்ன, தலையில சும்மாட வச்சிக்கிட்டா நின்னாரு?"

சிரித்தாள். வலியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன்.

டாக்டர் கண்ணால் பார்த்ததை எழுதினார். கை காது வரை எழும்புகிறது, பாதிப்பு கொஞ்சம்தான் என்று வந்தது. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வக்கீலம்மா விடவில்லை. ஸ்கேன் எடுத்து இன்னொரு தடவை பரிசோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். ஆணையரும் உத்தரவு போட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க நாளாகும். வக்கீலம்மா அக்காவைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார்: "அதுவரைக்கும் கம்பெனிக்காரங்க உங்க மேல கண்ணு வச்சிருப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. தெருவுல ஒரு சொம்புகூடத் தூக்கிடாதீங்க."

அன்றிலிருந்து அவள் வீடு ஜெயிலாகிவிட்டது.

ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். வாசலுக்கு நேரே தெருக்குழாய். தண்ணீர் வரும்போது அத்தனை பெண்களும் அங்கேதான் நிற்பார்கள். ஒரு குடத்தை இடுப்பில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் தலைக்கு ஏற்ற ஆள் பார்த்து நிற்பார்கள். அக்கா தண்ணீர் வருகிற நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்வாள். வேகிற வெயிலில் உள்ளே கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். கடைக்குப் போக வேண்டியிருந்தால் பின்பக்கம் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போவாள். நல்லாயிருந்த இடது கையால்கூட வாசல் பெருக்கக் கூடாது என்று நான் தடுத்தேன். காலையில் செல்விதான் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுக் காலேஜுக்கு ஓடுவாள். திண்டாட்டம் என்றால் அப்படி ஒரு திண்டாட்டம்.

"குடம் ரொம்புத சத்தம் கேக்குது ஏளா. எவளோ நிக்கா. எனக்கு ஒடம்பு என்னமோ பண்ணுது" என்பாள்.

"நிக்கட்டும். உன் சோலியப் பாரு."

"எனக்கு என்ன சோலி இருக்கு?"

ஒருநாள் போனபோது முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "காலையில எந்திக்கும்போது வலி கொறஞ்சிருந்துச்சி. பயந்துட்டேன்" என்றாள். "நல்லாயிட்டா கேஸ் போயிரும். நல்லாவாட்டா கை போயிரும். நான் எதக் கும்பிட?" அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் பரிசோதனைக்குத் தேதி வந்தது. அதற்குச் சில நாள் முன்னால், மத்தியானம், தெருவில் ஒரு அலறல். என் வீடு அடுத்த சந்துதான். ஓடினேன். அக்கா குழாயடியில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். எதிரே பேச்சி. எங்களோடு அதே அளத்தில் சுமக்கிறவள், எங்களுக்கு நல்ல பழக்கம். அவள் வீடு எங்கள் தெருவே இல்லை. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். ஓடவும் இல்லை, இறக்கவும் இல்லை. இறக்கிவிட ஆளில்லாமல் நின்றபடியே அழுதாள். தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது.

"என்ன யக்கா பண்ணுன?"

"உள்ளுக்குள்ள என்னமோ படார்னு போச்சி ஏளா."

நான் பேச்சியின் தலைக் குடத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். பிளாஸ்டிக் குடம், உருண்டுகொண்டு போனது. "இந்தத் தெருவுல உனக்கு என்னளா வேல, செத்த மூதி?" என்று கேட்டேன். பதிலே சொல்லாமல் போய்விட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த வாய்தாவில்தான் உறைத்தது. முதலாளி பக்கத்து வக்கீல் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து ஆணையரிடம் காட்டினார். எங்களையும் பார்க்க வைத்தார்கள். எங்கள் தெருக்குழாய். அக்கா குனிகிறாள், குடத்தைப் பிடிக்கிறாள், வலது கை தலைக்கு மேலே போகிறது. அங்கேயே முடிந்துவிட்டது. அவள் அலறியது அதில் இல்லை, சத்தத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். முகம்கூடத் தெரியவில்லை, முதுகுதான். பார்க்கிறவர்களுக்கு நல்ல திடமான மனுஷி ஒருத்தி தண்ணீர்க் குடம் தூக்குகிறாள், அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுத்தார்கள். தோளுக்குள் இருக்கிற தசைநார் முழுசாக அறுந்துபோயிருந்தது. இனி இந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது என்று எழுதிக் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் வந்தது. தோற்க மாட்டோம் என்று நினைத்தேன். வாய்தாவில் அந்த வக்கீல் எழுந்தார். "முதல் பரிசோதனையில் பாதிப்பு கொஞ்சம்தான். இப்போது முழுசாக அறுந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? தன் தெருவில் தானே குடம் தூக்கினார். அதற்கு என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பு?" என்றார். முதல் பரிசோதனையும் அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது, இரண்டாவதும் திரும்பிவிட்டது.

அந்த வாரத்தில் பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கங்காணி சொல்லித்தான் வந்து நின்றாளாம். "நிக்கலேன்னா நீயும் வேண்டாம், உம் புருஷனும் வேண்டாம்னு சொல்லிட்டான். குடிசையும் அவிய எடத்துலதான இருக்கு. நான் என்ன செய்யட்டும்? வந்து நின்னேன். அக்கா வரக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டேதான் நின்னேன்."

"கோர்ட்டுல வந்து இதச் சொல்லுவியா?"

தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் படியை விட்டு இறங்கிப் போ என்று விரட்டினேன். வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு தானா வர வேண்டாம். அக்கா அவ பேரை விசாரணையில சொன்னா போதும். நாம சம்மன் அனுப்பிக் கூப்பிடலாம். அனுப்பி வச்சு வீடியோ எடுத்தாங்கன்னு தெரிஞ்சா வழக்கே திரும்பிடும்" என்றார்.

நான் சந்தோஷமாக அக்காவிடம் ஓடினேன். கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். செல்வி ஒரு மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். பேச்சி சொன்னதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்ளா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சந்து முக்குல கங்காணி மச்சினன் வண்டியில இருந்தான். செல்போனக் கண்ணுக்கு நேரா புடிச்சிக்கிட்டு இருந்தான். பாத்துட்டுத்தான் வந்தேன்."

"பாத்துட்டுமா தூக்கிவிட்ட?"

"பேச்சி மொகத்தையும் பாத்தேன். அவ கண்ணு போ போன்னு சொல்லுது. அவ காலுதான் அசையல. நான் தாண்டிப் போனா அன்னைக்கே அவள அளத்துல வேண்டாம்பான். அங்கன வந்து நின்னுட்டா. நின்னுட்டாளே, நான் என்ன செய்ய?"

"கோட்டிக்காரி! சரி, தூக்கிவிட்டது போவட்டும். பேரையாவது சொல்லு. வாயத் தொறந்து பேச்சின்னு ஒரு பேரு சொல்லு. அவ்வளவுதான் கேக்கேன்."

"சொன்னா அவ குடிச இருக்குமா?"

"உம் பிள்ள படிப்பு இருக்குமா?"

அக்கா தரையைப் பார்த்தாள். மூலையில் செல்வி புத்தகத்தில் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அக்கா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. "யோசிக்கேன்" என்றுகூடச் சொல்லவில்லை. நான் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்தேன்.

விசாரணை நாள். அக்காவை நிற்க வைத்து முதலாளி வக்கீல் வீடியோவைக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"யாரும் கட்டாயப்படுத்தித் தூக்கச் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

எங்கள் வக்கீலம்மா எழுந்தார். அக்காவுக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். "குடத்தோட நின்ன பொண்ணு யாரும்மா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஆணையர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். செல்வி அன்றைக்குக் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

அக்கா செல்வியைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு ஆணையர் பக்கம் திரும்பினாள்.

"தெரியாது சார். குடத்த வச்சிக்கிட்டு நின்னா. தூக்கிவிட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் ஆணையரே.

"தெரியாது சார்."

என் கையிலிருந்து செல்வியின் கை நழுவிவிட்டது.

அளத்தில் விழுந்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முதல் பரிசோதனையில் இருந்த பாதிப்புக்கு மட்டும்தான் நஷ்டஈடு, பிறகு அறுந்ததற்குக் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. வந்தது வைத்தியத்துக்கே சரியாகிவிட்டது. நடிக்கிறாள் என்ற பேர் போனது, அதை ஒரு வெற்றி என்று சங்கத்தில் பேசினார்கள். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவளிடமும் பேசவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அளத்தை விட்டுப் பக்கத்து ஏரியாவில் இட்லிக்கடை போட்டேன். வருஷங்கள் போய்விட்டன, அந்தக் கோபம் மட்டும் ஆறவே இல்லை. சில நாள் அவள் செய்தது சரிதான் என்று தோன்றும். தோன்றியதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

போன மாதம் காலையில் பஸ் ஸ்டாப்பில் செல்வியைப் பார்த்தேன். மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறாள். வேனுக்காக நிற்கிற பெண்களோடு நின்றாள். பையில் ரப்பர் பூட்ஸ் துருத்திக்கொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளிறிச் சுருங்கியிருந்தது.

"நல்லாயிருக்கியளா சித்தி?" என்றாள் அவளே.

"அம்மா எப்படி இருக்கா?"

"இருக்கா. பேச்சி அத்த தெனமும் அளத்துக்குப் போவும்போது வாரா. அம்மாக்குத் தல சீவி, கொண்ட போட்டு விட்டுட்டுப் போறா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கிட மாட்டாவ."

"நீ பேசுவியா அம்மாட்ட?"

"சோறு போட்டுக் குடுக்கேன்" என்றாள்.

வேன் வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். செல்வி படியில் ஒரு காலை வைத்தாள், திரும்பினாள்.

"எல்லாரும் எங்கம்மாவ நல்லவ நல்லவன்னு சொல்லுதாவ சித்தி. நல்லவதான். ரோட்டுல நின்னவ ஒருத்தியையும் அவ தாண்டிப் போனதில்ல. அன்னைக்குக் கோர்ட்டுல நானுந்தான அவ முன்னால நின்னேன்?"